அந்த 14ஐ நான் நம்பினேன்

நான் நுரையீரல் மருத்துவர். தென் மாவட்டம் ஒன்றில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஒரு நோயாளிக்குத் தேவையான மருந்தை நிறுத்தினேன். ஒரு கருவி காட்டிய எண்ணை அதற்குக் காரணமாக வைத்துக்கொண்டேன். அந்த எண் ஏன் அப்படி வந்தது என்று கேட்கவில்லை. அவர் மூச்சு முட்டி விழுந்தபோது பழியை அவர் தலையிலேயே கட்டினேன். இத்தனையும் நான் செய்தவை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கு முழு விவரமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கருவியிலிருந்து தொடங்குகிறேன்.

நாம் வெளியே விடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு மிகமிகச் சிறிய அளவில் இருக்கிறது. 1991இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதை முதலில் காட்டினார்கள். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் இது கூடுதலாக இருக்கிறது என்பது 1993இல் தெரியவந்தது. மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வகை அழற்சி இருந்தால் அதன் உள்சுவர் இந்த வாயுவை அதிகமாக உண்டாக்கும். அந்த வகை அழற்சிக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாகக் கேட்கும். ஆகவே ஒருவரை ஊதச் சொல்லி அளந்தால், ஸ்டீராய்டு அவருக்குப் பலன் தருமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வாயில் குழாயை வைத்துப் பத்து விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். விநாடிக்கு 50 மில்லிலிட்டர் வேகம். அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2011இல் தந்த வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்குக்குக் கீழே என்றால் குறைவு. 50க்கு மேலே என்றால் அதிகம்.

இனி நான் மறைக்க முடியாத பகுதி. புகை இந்த எண்ணைக் கீழே இழுத்துவிடும். பீடிப் புகையிலும் சிகரெட் புகையிலும் நைட்ரிக் ஆக்சைடு ஏராளமாக இருக்கிறது. அப்படியானால் புகைப்பவரின் மூச்சில் அது கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். வாசலுக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டால் வீட்டு மோட்டாரை யாரும் போடுவதில்லை. வெளியிலிருந்து வாயு கொட்டுவதால் உடம்பு தன் சொந்த உற்பத்தியைச் சுருக்கிக்கொள்கிறது. உற்பத்தியாகும் கொஞ்சத்தையும் புகையில் வரும் வேதிப்பொருள்கள் தின்றுவிடுகின்றன. தொடர்ந்து புகைப்பவர்களிடம் எண் பாதியாகவும் குறையலாம். அப்போதுதான் புகைத்துவிட்டு வந்தவரிடம் இன்னும் இறங்கும். புகையை விட்டால் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். அதனால்தான் சோதனைக்கு முன் ஒரு மணி நேரமாவது புகைக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். புகைப்பவரிடம் எண் அதிகமாக வந்தால் அதை நம்பலாம். குறைவாக வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இதை நான் படித்திருந்தேன். வகுப்பில் பாடமாகவும் எடுத்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவர் சந்தையில் மூட்டை தூக்கியவர். ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதிலேயே இளைப்பு இருந்திருக்கிறது. பதினைந்து பதினாறு வயதில் பீடி தொடங்கியிருக்கிறார். ஊதும் சோதனையில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உறுதியாகத் தெரிந்தது. சி.ஓ.பி.டி. என்று நாங்கள் சொல்வது. ஆனால் மருந்து அடித்த பிறகு மூச்சு ஓரளவு திறந்துகொண்டது. பழைய ரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் அணுக்கள் 480 இருந்தன. 300 என்பதே ஸ்டீராய்டு பலன் தரும் என்று சொல்லப் போதும். ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் கலந்த ஆள் என்று சொல்ல எல்லா அடையாளமும் அவர் கோப்பில் இருந்தது.

அந்தக் கருவியில் அவர் ஊதியதற்கு முந்தைய முறை வந்தபோது உண்மையைச் சொன்னார். “நாளைக்கு ஒரு அரைக்கட்டு குடிச்சிருதேன் சார். கொறைச்சிட்டுதான் வாரேன்” என்றார். நான் சத்தம் போட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் போட்டேன். “பீடி குடிச்சிட்டு இந்தப் பக்கம் வராதே. உயிர் மேல ஆசை இருந்தா விட்டுட்டு வா. இல்லன்னா வீட்ல கெட” என்றேன். அவர் என்னைவிட மூத்தவர். ஒருமையில் பேசினேன். அவர் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்டிப்பான டாக்டர் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த முறை வந்தபோது, “விட்டாச்சு சார்” என்றார்.

அவர் உள்ளே வந்ததுமே பீடி வாடை அடித்தது. எதிரே இருந்த என் மூக்குக்கு அது நன்றாகவே தெரிந்தது. மருத்துவமனை வாசலில் ஒரு டீக்கடை இருக்கிறது. உள்ளே வருமுன் பதற்றத்தில் ஒன்றைப் பற்றவைக்கிறவர்கள் பலர். எனக்கு அதுவும் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொன்னது வெளியாகும். திரும்பவும் ஒரு சண்டை போட வேண்டும். வெளியே கூட்டம் நின்றது. என் கண்டிப்பால் ஒருவர் பீடியை விட்டுவிட்டார் என்ற எண்ணம் சுகமாகவும் இருந்தது. அந்தச் சுகத்தை நான் இழக்க விரும்பவில்லை.

ஊதினார். 14 என்று வந்தது.

சோதனைப் படிவத்தில் ‘கடந்த ஒரு மணி நேரத்தில் புகைத்தாரா?’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. எல்லோருக்கும் காலையிலேயே அப்படி எழுதிவைத்துவிடுவது எங்கள் பழக்கம். எழுதியவர் டெக்னீஷியன். பழக்கியவன் நான். நேரம் மிச்சமாகட்டும் என்று நானே சொல்லியிருந்தேன். அவர் மேல் குற்றமில்லை.

ஒரு மாதமாக ஸ்டீராய்டு இன்ஹேலர் வாங்கவில்லை, காசில்லை என்று அவர் சொன்னார். என் புத்தி அங்கே ஓடியது. ஸ்டீராய்டு இல்லாமலே 14 என்றால், ஒவ்வாமை அழற்சி இல்லை. அப்படியானால் ஸ்டீராய்டு வேண்டாம். அதனால் நிமோனியா வரும் ஆபத்தும் மிச்சம். அவருக்குக் காசும் மிச்சம். சுத்தமான சி.ஓ.பி.டி. என்று எழுதினேன். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளை மட்டும் கொடுத்தேன். ஆஸ்துமா கலந்தவருக்கு ஸ்டீராய்டு இல்லாமல் நீண்ட நேரம் வேலை செய்யும் அந்த மருந்தை மட்டும் கொடுப்பது ஆபத்து. உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டே போகும், மேலுக்குச் சுகமாகத் தெரியும். இதுவும் நான் நடத்திய பாடம்தான். 480 என்ற பழைய ரத்த அறிக்கை அதே கோப்பில் இரண்டு தாள்களுக்கு அடியில் இருந்தது. புதுக் கருவி காட்டிய எண் என்ற மயக்கத்தில் நான் தாளைப் புரட்டவில்லை.

மேசை இழுப்பறையில் இன்னொரு சிறு கருவி கிடந்தது. மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை அளப்பது. மூச்சை அடக்கி ஊத வேண்டும். பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் காட்டினால் பெரும்பாலும் அன்றைக்குப் புகைத்தவர்தான். விறகடுப்புப் புகையும் எண்ணை ஏற்றும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். டீக்கடையில் பிடித்த பீடி அதில் தப்பியிருக்காது. ஊதுகுழல் தீர்ந்துபோய் நாளாகியிருந்தது. நான் வாங்கச் சொல்லவில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 95 காட்டியது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே காட்டும். அதையும் பார்த்து மனம் நிறைந்தேன்.

“இனிமே அந்த இன்ஹேலர் வேண்டாம்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் அவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பேச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். ஸ்டீராய்டு ஊசி போடும் முன் எடுத்த ரத்தத்தில் இயோசினோபில் 600ஐத் தாண்டியிருந்தது. ஊசி போட்ட பிறகு மூச்சுக்குழாய் இளகத் தொடங்கியது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது. நான் நிறுத்திய மருந்துதான் அவருக்குத் தேவைப்பட்ட மருந்து. சந்தேகத்துக்கு இடமில்லை.

அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பீடி சுற்றுகிறவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் செய்யும் வேலை அது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. விரல் நகங்களில் புகையிலைத் தூளின் கறை இருந்தது. “என்ன ஆச்சு ஐயா?” என்று எழுந்தார். நான் அவரிடம் சொன்னது இதுதான். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “பீடியை விடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன். விட்டுட்டேன்னு பொய் சொல்லியிருக்காரு. அதான் இப்படி வந்து கெடக்காரு. நீங்களும் வீட்ல அதையேதான சுத்திட்டு இருக்கீங்க?”

பயத்தில் சொன்னேன். அவர் உறவினர்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். மருந்தை நிறுத்தியது யார் என்று அவர்களில் ஒருவருக்குத் தோன்றிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். கேள்வி வருமுன் பதிலை அவர்கள் வாயில் திணித்தேன். டிஸ்சார்ஜ் சீட்டிலும் ‘தொடர்ந்து புகைத்ததால்’ என்று எழுதினேன். ஸ்டீராய்டு நிறுத்தப்பட்டது என்ற வரியை எழுதவில்லை.

பீடி அவர் நுரையீரலைப் பல வருடங்களாகக் கெடுத்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய தாக்குதலுக்கு வழி திறந்துவிட்டவன் நான். புகைப்பவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கும், கொடுத்திருந்தாலும் இது வந்திருக்கும் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் கேட்கிற மருந்தையும் பறித்துவிட்டு அந்தச் சமாதானத்தைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஒரு நாள் அசந்துபோனேன் என்று நீங்கள் நினைத்து என்னை மன்னித்துவிடக் கூடாது. இதற்கு முன்பே ஒருவர் என்னை எச்சரித்தார். நான் அவர் வாயை அடைத்தேன்.

மின்னணு மூக்கு என்று ஒரு கருவி உண்டு. ஒருவர் பையில் ஊதிய மூச்சை முகர்ந்து, அதன் வாசனைக் கோலத்தை வைத்து நோயைப் பிரித்தறியப் பார்க்கும். மூச்சில் சுமார் 250 பொருள்கள் இருப்பதை லைனஸ் பாலிங் 1971இல் காட்டியதிலிருந்தே இந்த ஆசை ஆய்வாளர்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது. சி.ஓ.பி.டி. நோயாளிகளின் மூச்சைச் சேகரித்தோம். ஒப்பிட ஆரோக்கியமானவர்களின் மூச்சு வேண்டும். கையருகே கிடைத்தவர்கள் நர்சிங் மாணவிகளும் அலுவலக ஊழியர்களும். கருவி இரு தரப்பையும் பளிச்சென்று பிரித்தது. நான் பூரித்துப் போனேன்.

எங்கள் துறையில் முதுநிலை படித்த ஒரு பெண் மருத்துவர் கேட்டார். “சார், நோயாளிங்க பாதிக்கு மேல ஸ்மோக் பண்றவங்க. இந்தப் பக்கம் ஒருத்தர்கூட இல்ல. மெஷின் நோயைக் கண்டுபிடிக்குதா, பீடியைக் கண்டுபிடிக்குதா?”

சரியான கேள்வி. புகைத்தவரின் மூச்சில் பென்சீன், டொலுவீன், டைமெத்தில்ஃபியூரான் எல்லாம் இருக்கும். அசிட்டோநைட்ரைல் என்ற பொருள் புகையை நிறுத்தி ஒரு வாரம் வரைகூட மூச்சில் தங்கும். காலையில் புகைக்காமல் வந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். எங்கள் கருவி நுரையீரல் நோயைக் கற்றுக்கொண்டதா, புகையிலையைக் கற்றுக்கொண்டதா என்று சொல்ல ஒரே வழிதான். புகைக்கும் நோயாளியோடு, புகைத்தும் நோய் வராதவரை ஒப்பிட வேண்டும். புகையை விட்ட நோயாளியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது புகைத்தார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. “அதெல்லாம் புள்ளிவிவரத்துல சரி பண்ணிக்கலாம். நீங்க சொன்ன வேலையை மட்டும் பாருங்கம்மா” என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். மாநாட்டில் அதைப் படித்துக் கைதட்டல் வாங்கினேன். மேடையில் அவருடைய கேள்வியை நான் குறிப்பிடவில்லை. இந்தியாவில் 2016இல் சுமார் ஐந்தரைக் கோடிப் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்ததாகக் கணக்கு. அவர்களில் பலர் புகைத்தவர்கள். விறகுப் புகையால் நோய் வந்த, பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களும் ஏராளம். பீடியைத்தான் அறியும் கருவி அந்தப் பெண்களை நோயில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். அவர் கேட்டது அந்தப் பெண்களுக்காகவும்தான். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்தக் கேள்வியை அன்று நான் மதித்திருந்தால், பின்னால் 14ஐப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்திருக்கும்.

மூட்டை தூக்கியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுபடி மூட்டை தூக்கவில்லை. கழிவறைக்குப் போய்வருவதற்கே நடுவில் உட்கார வேண்டியிருந்தது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். மனைவி பீடித் தட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். நான் சொன்னதற்காக. வீட்டின் இன்னொரு வருமானமும் அதோடு போனது. அவர் கணவருக்கு நான் ஸ்டீராய்டைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். ஏன் திரும்ப எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு வருடம் கழிந்து, இன்னொரு ஊரில், உறவினர் வீட்டில் வந்த தாக்குதலில் இறந்துபோனார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு அந்த ஒரு வருடம் முழுக்க இருந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லலாம் என்று விட்டேன்.

உதவித்தொகைக்கு ஏதோ மருத்துவச் சான்று வேண்டும் என்று அவர் மனைவி வந்தார். அப்போதுதான் சொன்னேன். உட்காரச் சொல்லி, கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மருந்தை நிறுத்தியது நான், நிறுத்தியிருக்கக் கூடாது, அன்றைக்கு உங்களிடம் பாதியைத்தான் சொன்னேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

“அப்போ அவுக பீடி குடிச்சதால மட்டும் இல்லையா ஐயா?”

“இல்லம்மா.”

“கடைசி வருசம் பூரா அவுகளுக்கு நான் மொகங்குடுத்துப் பேசலியே. பொய் சொல்லி எங்களக் கெடுத்துட்டீகளேன்னு சொல்லிச் சொல்லியே சோறு வச்சேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்ததாகச் சொல்லவில்லை. சான்றை வாங்கிக்கொண்டு போனார். நான் ஒரு நுரையீரலை மட்டும் கெடுக்கவில்லை. ஒரு வீட்டில் கணவன் மனைவிக்கு மிச்சமிருந்த ஒரு வருடத்தையும் கெடுத்தேன். இதற்கு எந்த வழிகாட்டுதலிலும் மருந்து எழுதியிருக்கவில்லை.

கோப்பில் திருத்தக் குறிப்பு எழுதினேன். துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்தேன். எனக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. அந்தப் பெண் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் கேட்டது சரி என்று சொன்னேன். “தெரியும் சார்” என்றார். மாநாட்டு மலரில் அச்சான என் ஆய்வுச் சுருக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது எங்கள் அறையில் அந்தக் கட்டத்தில் முன்கூட்டியே எதுவும் எழுதுவதில்லை. கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று, குரலை உயர்த்தாமல், நானே கேட்கிறேன். அரை மணி முன்னால் என்றால் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பிறகு ஊதச் சொல்கிறேன். எப்படியும் புகைப்பவரிடம் வரும் குறைந்த எண்ணை வைத்து ஸ்டீராய்டை நிறுத்துவதில்லை. ரத்த அறிக்கையையும், சின்ன வயது இளைப்பையும், மருந்துக்கு மூச்சு எப்படித் திறந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். எல்லா மருத்துவரும் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது இது. இதில் எனக்குப் பெருமை இல்லை.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இளைப்பு இருந்து, மூச்சுச் சோதனைக்குப் போகிறீர்கள் என்றால், கடைசி பீடியோ சிகரெட்டோ எப்போது என்பதை ஊதுவதற்கு முன்னால் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காலையில் ஒன்று, வாசலில் ஒன்று என்று இருந்தால் அப்படியே சொல்லுங்கள். எந்த இன்ஹேலரை எத்தனை நாளாக அடிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். புகையை விட வேண்டும் என்றால் 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. உண்மையைச் சொன்னதற்காக மருத்துவர் உங்களைத் திட்டினால், அவரை விட்டு வேறு மருத்துவரிடம் போய்விடுங்கள். நான் சத்தம் போட்ட அன்றே அவர் என்னை விட்டுப் போயிருக்க வேண்டும்.